படம் இல்லாத பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாசிப்பது என்றால் கத்துவது. டீச்சர் ஒரு வரி சொல்ல வேண்டியது, பிள்ளைகள் அதையே கூரை எகிறுகிற மாதிரி திருப்பிக் கத்த வேண்டியது. சத்தம் எவ்வளவோ படிப்பு அவ்வளவு. தெருவில் போகிற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தால் பாடம் ஜோராக நடக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக நானும் இப்படிக் கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டில் பேச வாய் இல்லாமல் சைகை காட்டிக்கொண்டு திரிந்தவள்தான். அதனால் ஊரைத்தான் குறை சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதில் திட்டு வாங்கப் போகிறவர்களில் நானும் உண்டு, வேண்டிய அளவுக்கு உண்டு.

மேலப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற தொடக்கப் பள்ளி அது. எச்.எம். சாரையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், என் தலையில். நான் டவுனிலிருந்து பஸ் ஏறி ஆற்றைத் தாண்டி வருகிறவள். எம்.ஏ. இங்கிலீஷ், தபாலில் படித்து வாங்கினது. பட்டம் இருந்து என்ன, பஸ்ஸில் எவனாவது இங்கிலீஷில் வழி கேட்டால் இன்றைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

வாசிப்பு இந்த லட்சணம் என்றால் பேச்சு அதைவிட அழகு. ஆபீசர் யாராவது வாசலில் தலையைக் காட்டி, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுவிட்டால் போதும். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ சார்" என்று அலறும். ஒரு தடவை காய்ச்சலில் பெஞ்சு மேல் சுருண்டு கிடந்த பையனும் எழுந்து, பல் கிட்டிக்க, "ஐ ஆம் ஃபைன்" என்றான். ஆபீசருக்கு ரொம்ப சந்தோஷம். எழுத்து? நாலு கோடு நோட்டில் முத்து முத்தாகக் கையெழுத்து இருக்கும். கரும்பலகையில் இருப்பதை நோட்டுக்கு மாற்றுவதற்குப் பெயர்தான் எழுத்து. எழுதியது என்ன என்று பிள்ளையிடம் கேட்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம் பாருங்கள்.

இந்த அழகைச் சீர்படுத்தத்தான் வருஷா வருஷம் பயிற்சி. பாளையங்கோட்டையில் ஒரு ஹாலில் எங்களை உட்கார வைப்பார்கள், கருத்தாளர் என்று ஒருவர் வருவார். எங்களைப் போலவே டீச்சராக இருந்து, கத்துவதிலிருந்து தப்பித்தவர். கையில் துணி பொம்மை, காகித முகமூடி. "டீச்சர்ஸ், எல்லாரும் எந்திரிங்க, இப்ப நாம தவளை!" என்பார். ஐம்பதைத் தொடப் போகிற, முழங்கால் தேய்ந்த பொம்பளைகள் முப்பது பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தவளையாகக் குதிப்போம். பக்கத்தில் ஒரு டீச்சர், "ஏளா, இந்த எழவுக்காடி பி.எட். படிச்சோம்?" என்று என் காதில் முனங்கினாள். மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் கையெழுத்து, போட்டோ. குதித்து முடித்தால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று மேலே இருக்கிறவர்கள் யாரோ நம்புகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது.

போதாததற்கு வாரா வாரம் வீடியோ. ஒரு பிள்ளை இங்கிலீஷ் பாடத்தை வாசிக்கிறதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் எல்லாப் பள்ளிக்கூடத்து வீடியோவும் வந்து குவியும். எல்லா வீடியோவிலும் எண்ணெய் தடவி வழித்துச் சீவின ஒரு பிள்ளை, பின்னால் சார்ட் ஒட்டின சுவர், மூச்சு விடாத வாசிப்பு, கடைசியில் டீச்சர் குரலில் "வெரி குட்". மற்ற பிள்ளைகள் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை வாசித்தால் நாட்டுக்குப் போதும் போலிருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஒரு பிள்ளை இவள். ஐந்தாம் வகுப்பு. ஒல்லியாக, கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்கிறவள். வாப்பா சவுதியில் டிரைவர், உம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். பெயர் வேண்டாம். அந்தக் குரூப்பில் அவள் பெயர் அடிபட்டதே போதும். புத்தகத்தை நீட்டினால் தண்ணீர் மாதிரி வாசிப்பாள். யானை குடை வாங்கக் கடைக்குப் போகிற பாடம் ஒன்று உண்டு. "தி எலிபெண்ட் பாட் எ பிக் அம்ப்ரெல்லா" என்று ஆரம்பித்தாள் என்றால் யானை வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் எங்கேயும் நிற்க மாட்டாள். ஏற்ற இறக்கம் எல்லாம் அப்படியே என்னை மாதிரி. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். அப்படியே என்னை மாதிரி என்பதில்தான் விஷயம் இருந்தது என்று அப்போது எந்தக் கோட்டிக்காரிக்குத் தெரிந்தது?

ஐப்பசி மழை நேரத்தில் ஆய்வுக்கு வந்தார்கள். வருகிற ஆபீசர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் காட்டுகிற பாடத்தைக் கேட்க மாட்டார்கள், ஏமாற்றிவிடுவோமாம். புத்தகத்தை வாங்கி அவர்களே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, "இதை வாசி" என்பார்கள். எவ்வளவு பெரிய கெட்டிக்காரத்தனம்! வருஷா வருஷம் எங்களுக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனம். அதற்கும் நாங்கள் பிள்ளைகளைத் தயார் பண்ணித்தான் வைத்திருப்போம், எல்லாப் பாடத்தையும் எல்லா நாளும் கத்த வைத்து. ஆய்வுக்கு முந்தின நாள் இவளைக் கூப்பிட்டு நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பயப்படாதட்டி. எந்தப் பக்கத்தைப் பிரிச்சாலும் முதல்ல படத்தைப் பாரு. பாடம் தானா ஞாபகத்துக்கு வரும்."

ஆபீசர் மூன்று இடத்தில் பிரித்தார். மூன்றையும் அவள் படபடவென்று வாசித்தாள். ஆபீசர் எச்.எம். சார் தோளில் தட்டினார். எச்.எம். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவரோடு வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. பிறகு ஒரு கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வாசிப்புக்கான சுழற்கேடயம், எனக்குப் பொன்னாடை. அன்றைக்கு உடுத்துவதற்கென்று ஆரஞ்சு பார்டர் போட்ட பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன். போட்டோவைப் பாருங்கள், இங்கிலீஷைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி நிற்கிறேன். வெட்கம் கெட்ட மூதி.

பொங்கல் லீவு முடிந்து வந்தோம். பரீட்சைக்குப் பழக்கம் கொடுக்கலாம் என்று பாடங்களிலிருந்து சில பத்திகளைத் தேர்ந்தெடுத்தேன். கலர்ப் படத்தோடு ஜெராக்ஸ் போட்டால் கரியாக வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். அதனால் எழுத்தை மட்டும் டைப் அடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். எல்லாம் அவர்கள் நூறு தடவை கத்தின பாடம்தான். இவளைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னேன், மற்ற பிள்ளைகளுக்கு ஒரு துணிச்சல் வரட்டும் என்று.

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"டீச்சர், படம் எங்க?"

"படம் என்னத்துக்குட்டி? எழுத்த வாசி."

"படம் இல்லாட்டா இது எந்தப் பாடம்னு எப்படி டீச்சர் தெரியும்?"

வம்பு பண்ணுகிறாள் என்று நினைத்து ஒரு அதட்டு அதட்டினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வம்பில்லை என்று தெரிந்தது. உண்மையாகவே கேட்கிறாள். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். புத்தகத்தை எடுத்து யானைப் பாடத்தைப் பிரித்தேன். யானையைப் பார்த்ததும் வாய் ஓட ஆரம்பித்தது. ஒரு அட்டையை வைத்து யானையை மறைத்துவிட்டு, நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, இது என்ன என்றேன். விழித்தாள். அடுத்த வார்த்தை. விழித்தாள். எழுத்துகளின் பெயரெல்லாம் சொன்னாள், ஏ முதல் இசட் வரைக்கும் தப்பில்லாமல். ஆனால் நாலு எழுத்தைச் சேர்த்தால் ஒரு சத்தம் வரும் என்கிற விஷயம் அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை. நான்தானே சொல்லியிருக்க வேண்டியவள். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை என் குரலை மனப்பாடம் பண்ணி என்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறது, நான் அதற்குக் கை தட்டியிருக்கிறேன்.

பிள்ளைக்கு மூளை மந்தமோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன், அந்த அளவுக்கு ஈனப் புத்தி. தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கடகடவென்று வாசித்தாள். மேஜை மேல் வடை மடித்து வந்த பேப்பர் கிடந்தது. அதையும் எடுத்து நீட்டினேன். அதையும் வாசித்து, "டீச்சர், பேட்டையில திருட்டாம்" என்று சேதியும் சொன்னாள்.

"ஓதப் போறியே, அங்க வாசிப்பியா?"

"குர்ஆன் வாசிப்பேனே. முப்பதுல ஏழு ஜுஸ்வு முடிச்சிட்டேன்."

"அத எப்படிட்டி படிச்ச?"

அவள் சொன்னாள். அவள் தெருவில் ஒரு வீட்டு முன்னறையில் ஓதிக் கொடுக்கிற ஆலிமா ஒருவர் இருக்கிறார். முதலில் எழுத்து, பிறகு எழுத்தோடு எழுத்து சேர்த்துச் சத்தம், பிறகு வரி. சேர்ந்து கத்துவதெல்லாம் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்தின் மேல் குச்சியை வைத்துப் பாடம் கேட்பார். தப்பினால் மறுநாளும் அதே வரி. அது சரியாக வராமல் அடுத்த வரிக்குப் போக விட மாட்டார். "படம் கெடயாதா?" என்றேன், கேணச்சி மாதிரி. "ஓதுததுல எங்க டீச்சர் படம் இருக்கும்?" என்று சிரித்தாள்.

பாருங்கள் இந்தக் கூத்தை. அந்த அம்மா தவளையாகக் குதித்ததில்லை. துணி பொம்மை கிடையாது, வீடியோ கிடையாது, கேடயம் கிடையாது. ஒரு குச்சி, ஒரு பாய். அந்தப் பாயில் உட்கார்ந்து எழுந்த பிள்ளைகள் எல்லாம் வாசிக்கின்றன. மாசம் முதல் தேதி சம்பளம் எண்ணி வாங்குகிற எனக்கு, ஒரு பிள்ளையைத் தனியாகப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வரி கேட்கத் தோன்றியதில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரையும் அட்டையால் படத்தை மறைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேர் வாசித்தார்கள். அந்த மூன்றையும் நான் ஒருநாளும் வீடியோ எடுத்ததில்லை, தட்டித் தடுமாறுதுகள் என்று.

எச்.எம். சாரிடம் போய்ச் சொன்னேன். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கிற மனுஷன். தலைக்கு மேல் கண்ணாடி அலமாரியில் கேடயம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"ஏன் டீச்சர், வாசிக்கத் தெரியுமான்னு இப்ப யாரு ஒங்ககிட்ட கேட்டா?"

"யாரும் கேக்கல சார். அதான் சொல்லுதேன்."

"கேடயத்தத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுதியளா?"

"கேடயம் கெடக்கட்டும் சார். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல."

"ஆண்டு விழாவுல இங்கிலீஷ்ல வரவேற்புரை அவதான். கவுன்சிலர் வாராவ. அதுவரைக்கும் சத்தங்காட்டாம இருங்க. ஏப்ரல்ல டி.சி. வாங்கிட்டுப் போயிருவா. ஆறாங்கிளாஸ்ல எவனாவது பாத்துக்கிடுவான்."

ஆறாம் வகுப்பில் எவனும் பார்க்க மாட்டான். அங்கே இருக்கிறவர்கள், "அஞ்சு வருஷமா கீழ என்ன புடுங்குனாவ?" என்று எங்களைத் திட்டிவிட்டுப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளுவார்கள். பத்தாம் வகுப்பில் மறுபடியும் மனப்பாடம். இந்தத் தள்ளுமுள்ளில் ஒரு பிள்ளை எம்.ஏ. வரைக்கும் கூடப் போகலாம். நான் போகவில்லையா?

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்கார வைத்தேன். வரவேற்புரை எழவை வேறொரு பையனுக்கு மாற்றி விட்டேன், அவனும் மனப்பாடம்தான். சாருக்கு அன்றோடு என்னிடம் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆலிமா செய்தபடியே செய்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத்துக்கு என்ன சத்தம் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். என் ஈர்க்குச்சி ஒரு எழுத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போக ஒரு நாள் ஆனது, சில எழுத்துக்கு மூன்று நாள். இங்கிலீஷ் எழுத்து வேறு அடங்காப்பிடாரி, ஒரு இடத்தில் ஒரு சத்தம், இன்னொரு இடத்தில் வேறு சத்தம். அவளுக்குக் கோபம் வரும். "அரபிலயும் தமிழ்லயும் சொன்ன பேச்சு கேக்கும் டீச்சர், இது கேக்கவே மாட்டேங்குது" என்பாள். எனக்கும் எரிச்சல் வரும். ஒரு நாள் சோற்றுக் கையோடு மேஜையில் குத்திவிட்டேன். அவள் அழுதாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு அதே வரிக்குத் திரும்பி வந்தோம்.

வாசிக்கும்போது அவளுக்குப் படத்தின் மேல் கண் போகும். போனால் வாய் தானாக எதையாவது கட்டிவிடும். அதனால் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வாசிக்கப் பழக்கினேன். மாசி கடைசியில் மூன்று நாலு வார்த்தை உள்ள வரியைத் தானே கூட்டி வாசித்தாள். வண்டி மாடு சேற்றில் ஏறுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஏறியது. வீடியோ எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் உம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, புள்ளைய பாளையங்கோட்டையில இங்கிலீஸ் மீடியத்துல சேக்கப் போறோம். பரீச்ச முடிஞ்ச கையோட இன்டர்வியூ. இவ வாப்பாவும் சரின்னுட்டாவ. நீங்க இம்புட்டு படிச்சுக் குடுத்த புள்ளைய சும்மா போட்டா பாவம்லா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "நல்லதும்மா" என்றேன். நாலு நாள் தூக்கம் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு, அறிவியல், எல்லாம் இங்கிலீஷில். மூன்று வார்த்தை கூட்டி வாசிக்கிற பிள்ளை அங்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மந்தம் என்று பெயர் வாங்கி, ஒரு வருஷத்துக்குள் தன்னையே மந்தம் என்று நம்பிவிடும். தமிழில் பேப்பர் வாசித்துச் சேதி சொல்கிற பிள்ளை. எனக்கு அது தெரியும், அவள் உம்மாவுக்குத் தெரியாது. தெரியாமல் பண்ணினவள் நான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உம்மா சுளகை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலி இழுத்துப் போட்டு, ரோஸ்மில்க் வாங்கி வர ஆள் அனுப்பப் போனார். வேண்டாம் என்று உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிள்ளை கதவு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கை நிற்கவில்லை. இலையை வைத்தார், தூளைப் போட்டார், உருட்டினார், நூலைச் சுற்றினார். அப்படி ஒரு ஏழெட்டு பீடி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, நான் எப்போதோ அனுப்பியிருந்த ஒரு வீடியோவை ஓட விட்டார். யானை குடை வாங்கப் போனது, வாங்கியது, திரும்பி வந்தது. கடைசியில் குரல் கேட்டது. "வெரி குட்! கிளாப் ஹேர்!"

"இது யாரு கொரலு டீச்சரம்மா?"

"என் குரல்தான்."

"அப்பம் எதுக்கு வெரி குட்டுன்னு சொன்னிய?"

என்ன சொல்வது? எனக்கே தெரியாது என்றால் நீ என்ன டீச்சர் என்பார். தெரிந்துதான் சொன்னேன் என்றால் அதைவிடக் கேவலம்.

"இவ வாப்பா ரூம்ல இருக்க அத்தன பேருக்கும் இதப் போட்டுக் காட்டியிருக்காவ. மலையாளத்துக்காரன் ஒருத்தன், ஒங்க மவ கலெக்டர் ஆவான்னு சொன்னானாம். நான் பள்ளிக்கொடத்துப் பக்கம் போனவ இல்ல. நீங்க வெரி குட்டுன்னா வெரி குட்டு, அவ்வளவுதான எனக்குத் தெரியும்?"

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். வேறு என்ன இருக்கிறது சொல்ல?

"மன்னிப்பு கெடக்கு. நான் தேதி வாங்கிட்டேன். நீங்களும் வரணும். அங்கன வந்து நில்லுங்க." அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. சுளகை மறுபடியும் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

போனேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கேடயம் வாங்கின அதே பச்சைப் பட்டை உடுத்தாமல், சாதாரண நூல் சேலையில் போனேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஏதோ அற்புதம் நடந்து எல்லாரும் கை தட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இங்கிலீஷ் மீடியத்துக்கு இவள் சரிப்பட மாட்டாள், தமிழ் மீடியத்தில் வேண்டுமானால் போடுகிறோம் என்றார்கள். இப்போது அங்கேதான் படிக்கிறாள். சாயங்காலம் சில நாள் என்னிடம் வருகிறாள், சில நாள் வருவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த அறையில் நடந்தது.

பெரிய அறை, மேலே நாலு ஃபேன், ஒன்றும் சுற்றவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு மிஸ். பிள்ளையிடம் ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினார்கள். அவள் பார்த்திராத புத்தகம். பக்கம் முழுக்கப் படம், கீழே இரண்டு வரி. ஒரு நாய்க்குட்டி கிணற்றடியில் நிற்கிறது. படத்தைப் பார்த்து எதையாவது அவிழ்த்து விட்டிருக்கலாம். இரண்டு வருஷமாக அதைத்தானே நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? ஒரு கணம் நானே உள்ளுக்குள் ஆசைப்பட்டேன், அடித்து விடுட்டி, நாய் என்று எதையாவது சொல்லு, இவர்களும் என்னை மாதிரி ஏமாந்து போவார்கள் என்று. அவ்வளவு பட்ட பிறகும் புத்தி அங்கேதான் போகிறது, பாருங்கள்.

அவள் நாய்க்குட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். முதல் எழுத்தில் விரலை வைத்தாள். உதட்டுக்குள் சத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை வந்தது. அடுத்ததில் நின்றாள். ஒரு தடவை தப்பாகச் சொன்னாள், பின்னால் போய்த் தானே திருத்தினாள். ஒரு மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "கையை எடும்மா, பிக்சரைப் பாரு, அதுல க்ளூ இருக்கு" என்றார் அன்பாக. அவள் எடுக்கவில்லை. மூன்றாவது வார்த்தை. நாலாவது. உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா, வேகமா வாசிம்மா. ஸ்கூல்ல எப்படி வாசிப்ப! சல்லுனு வாசிப்பியே!"

அவள் தலை நிமிராமல், விரலை எடுக்காமல் சொன்னாள்.

"அது வாசிச்சது இல்ல உம்மா. அது ஒப்பிச்சது. வாசிக்கதுன்னா பையத்தான் வரும்."

அந்த அறையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் மூன்று பேர் இருந்தோம். அவள் ஐந்தாவது வார்த்தைக்கு விரலை நகர்த்தினாள்.